தெரியாது என்பார் டாக்டரம்மா

டாக்டரம்மா வாயிலிருந்து 'சரியாயிரும்' என்ற வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. எங்கள் வீட்டு மாடியில் மூன்று வருஷத்துக்கு மேல் குடியிருந்தார். என் உம்மாவின் முழங்கால் வலியிலிருந்து என் தங்கச்சி ஜமீலாவின் பிரசவம் வரைக்கும் அவர்தான் பார்த்தார். ஆனாலும் அந்த ஒரு வார்த்தையை அவரிடமிருந்து வாங்க எங்களால் முடியவில்லை.

உச்சிப்புளியில் இறங்கிக் கடலைப் பார்க்க வரும் ரோட்டில் எங்கள் ஊர். பாதிப் பேர் கடல் தொழிலுக்குப் போகிறவர்கள். மீதி வீடுகளில் ஆம்பளைகள் சவூதியிலும் கத்தாரிலும் இருப்பார்கள். என் வீட்டுக்காரர் அப்போது தம்மாமில் இருந்தார். மாடி சும்மா கிடக்கிறதே என்று வாடகைக்கு விட நினைத்தபோது, ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்த டாக்டர் வீடு தேடுவதாகச் சொன்னார்கள். பெரியவளைக் கையில் பிடித்துக்கொண்டு, சின்னவனை வயிற்றில் சுமந்துகொண்டு வந்தார். சொந்த ஊர் கடலாடிப் பக்கத்துக் கிராமம். அவரைப் பெற்ற அய்யா மிளகாய் விவசாயி. அந்தக் குடும்பத்தில் முதல் டாக்டர்.

"எம்புட்டு நாளைக்கு இருப்பீக?" என்று உம்மா கேட்டார்.

"தெரியாதும்மா. மேல படிக்கணும். சீட் கெடச்சா போயிருவேன். கெடைக்கலன்னா இங்கனதான்."

அவர் போனதும் உம்மாவுக்கு மனக்குறை. "வீடு பாக்க வந்த புள்ள, ஒரு பேச்சுக்காச்சும் ரொம்ப நாள் இருப்பேன்னு சொல்லக்கூடாதா?"

ஒரு பேச்சுக்கு என்று அவர் எதையும் சொல்ல மாட்டார். அது எங்களுக்குப் பிடிபட நாளாயிற்று. ஊருக்கு இன்னும் நாளாயிற்று. முன்னால் இருந்த டாக்டர் ஒரு ஊசியைப் போட்டு, தோளைத் தட்டி, எல்லாம் சரியாயிரும் போங்க என்பார். இவரோ நெஞ்சு வலிக்கிறது என்று வந்தவரிடம், "கேஸ் வலியா, நெஞ்சு வலியான்னு எனக்கு இப்பத் தெரியல. இசிஜி எடுத்துப் பாப்போம். அதுலயும் தெரியலன்னா ராம்நாடு போங்க" என்பார். வந்தவர்கள் முகம் சுண்டிப்போகும். 'கேட்டா தெரியாதுங்குது, இதெல்லாம் என்ன டாக்டர்' என்று மீன் வாங்குகிற இடத்தில் பேச்சு ஓடும். வருஷம் ஒன்று ஓடிய பிறகுதான் மீன்காரி ஒருத்தி புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணுக்குப் புத்தி சொன்னதைக் கேட்டேன். "அந்தம்மா தெரியாதுன்னு சொன்னா பயப்படாத. வண்டியக் கூப்புடுன்னு சொன்னா மட்டும் சேலை மாத்தக்கூட நிக்காத."

பெற்ற பிள்ளைகளிடமும் அவர் அப்படித்தான் என்பது எனக்கு முதலில் கொஞ்சம் கசந்தது. காலையில் ஸ்கூட்டரை எடுக்கும்போது பெரியவள் மாடிப்படியில் நின்று கேட்பாள். "ம்மா, எப்ப வருவ?"

"தெரியாதுடா. ஆளு நெறைய இருந்தா லேட்டாகும். வந்ததும் முதல்ல உன்னத் தூக்குவேன்."

எந்தத் தாய் பிள்ளையிடம் இப்படிச் சொல்வாள்? சாக்லேட் வாங்கி வருகிறேன், ஓடி வந்துவிடுகிறேன் என்றுதானே சொல்வோம். ஒருநாள் துணி காயப்போடும்போது கேட்டே விட்டேன். அக்காவை எங்கள் ஆட்கள் அழைப்பதுபோல அவரும் என்னை லாத்தா என்றுதான் கூப்பிடுவார். ஈரத்துணியை உதறிக்கொண்டே சொன்னார்.

"இதுக்கு முந்தி வேற ஊர்ல வேலை பாத்தேன்ல லாத்தா, அப்ப இவளுக்கு ரெண்டு வயசு. மத்தியானச் சோத்துக்கு அம்மா வந்துருவேன், ரெண்டு பேரும் சேந்து கடைக்குப் போவோம்னு சொல்லிட்டுப் போனேன். அன்னைக்குப் பாத்து கண்மாயில விழுந்த புள்ளைக ரெண்டைத் தூக்கிட்டு வந்துட்டாக. நான் வீட்டுக்கு வாரப்ப இருட்டிருச்சு. இவ செருப்ப மாட்டிக்கிட்டு வாசல்ல உக்காந்தவ எந்திரிக்கவே இல்லையாம். சாப்புடல. செருப்பக் கழட்ட வந்தவங்களக் கடிச்சிருக்கா. செருப்போடயே தூங்கிட்டா." துணியின் சுருக்கத்தை நீவிவிட்டு, "அதுலருந்து எனக்குத் தெரியாதத நான் சொல்றதில்ல" என்றார்.

எந்நேரமும் படிப்பார். மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கு. குழம்பு கொதிக்கும்போது காதில் ஒரு பாடம் ஓடிக்கொண்டிருக்கும். சின்னவனுக்குப் பால் கொடுக்கிற நேரத்தில் பெரியவள் எதிரே உட்கார்ந்து போனைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அதில் கேள்வியும் நான்கு பதில்களும் வரும். அம்மா சொல்லும் எழுத்தைப் பெரியவள் தொடுவாள். பச்சை வந்தால் கைதட்டுவாள். சிவப்பு வந்தால் "ஐயோ ம்மா!" என்பாள். எழுத்துகளை அவள் கற்றுக்கொண்டதே அப்படித்தான்.

அவர் வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் இருந்தார். மாதத்தில் இரண்டு தடவை வருவார். நல்ல மனிதர், பிள்ளைகள் மேல் உயிர். வந்த அன்று சிரிப்புச் சத்தம் கேட்கும். கிளம்புகிற அன்று சண்டை கேட்கும். சண்டை எப்போதும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்.

"சீட் கெடைக்கும்னு நிச்சயமாச் சொல்லு, நான் எல்லாத்தையும் பொறுத்துக்கிறேன்."

"அத எப்படிச் சொல்றது? தெரியாது."

"தெரியாத ஒண்ணுக்காகப் புள்ளைகள ஆளு கையில விட்டுட்டு அலையிறியா? ஒரு ரெண்டு வருசம் வீட்டுல இருந்தா என்ன?"

கதவு சாத்தும் சத்தம் வரும். சின்னவன் அழுவான்.

ஜமீலா உண்டானபோது அவளுக்கு மாடியில் டாக்டர் இருக்கிற தைரியம். உம்மாவுக்கு அது போதவில்லை. ஏழாம் மாதத்தில் ஒருநாள் மாடியேறிப் போய்க் கேட்டார். "எம் மக சுகமாப் பெத்துருவாளா டாக்டரம்மா?"

"இதுவரைக்கும் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அன்னைக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதும்மா."

"இன்ஷா அல்லாஹ் நல்லா நடக்கும்னாச்சும் சொல்லுங்களேன்!"

"அத நீங்க சொல்லுங்கம்மா. நானும் கூட இருப்பேன்."

உம்மா கோபத்தோடு இறங்கி வந்தார். ராமநாதபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கே மாற்றிவிடலாம் என்றார். ஜமீலாதான் பிடிவாதமாக நின்றாள். "பொய் சொல்லாத ஆளுகிட்டயே நான் பெத்துக்கிறேன்."

தை அமாவாசையன்று காலையில் அவளுக்கு வலி எடுத்தது.

அன்று சின்னவனுக்குக் காய்ச்சல். ஒன்றரை வயது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் தீர்த்தமாட ராமேஸ்வரம் போயிருந்தாள். பெரியவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். உம்மா ஜமீலாவோடு சுகாதார நிலையத்துக்குப் போக, நான் சின்னவனை வைத்துக்கொண்டேன். டாக்டரம்மா மருந்து கொடுத்து, ஈரத்துணியால் அவன் உடம்பைத் துடைத்துவிட்டு, என் மடியில் கிடத்தினார். "கொதிச்சா தொடச்சு விடுங்க. போன் பக்கத்துலயே இருக்கட்டும்." படியில் இறங்கியவர் திரும்பி வந்து, அவன் நெற்றியில் இன்னொரு தடவை கை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

மத்தியானம் உம்மா போன் செய்தார். பெண் குழந்தை, நல்லா அழுதுச்சு, அல்ஹம்துலில்லாஹ் என்றார். நான் சின்னவனிடம், உனக்கு ஒரு மச்சி, மொறப்பொண்ணு வந்துட்டாடா என்று சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. கண் மேலே சொருகியிருந்தது. தாடை இறுகியது. பிறகு கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

டாக்டரம்மாவைப் போனில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் ஓடினேன். தலையில் முக்காடு இருந்ததா என்றுகூட நினைவில்லை. எதிரே வந்த ஆட்டோவை மறித்து ஏறினேன். நான் சுகாதார நிலையத்துக்குள் நுழைந்தபோது உம்மா பச்சைப்பிள்ளையோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. பிரசவ அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பச்சைத் திரை.

"டாக்டரம்மா! புள்ளைக்கு வெட்டி வெட்டி இழுக்குது! வாங்க!" என்று கத்தினேன்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "மூச்சு விடுறானா?"

"விடுறான்!"

"நீலமாகிருக்கா ஒதடு?"

"இல்ல... இல்ல, கொஞ்சம்... வாங்களேன்!"

"ஒருக்களிச்சுப் படுக்க வைங்க லாத்தா. வாயில எதையும் வைக்காதீங்க." பிறகு நர்ஸிடம் வலிப்பு மருந்து ஒன்றின் பெயரையும் அளவையும் சொன்னார். குரல் நடுங்கவில்லை. கொஞ்சம் உயர்ந்திருந்தது, அவ்வளவுதான். நர்ஸ் ஓடி வந்து பெஞ்சிலேயே பிள்ளையைக் கிடத்தி மூக்கில் மருந்தை விட்டார். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ வருவார், இதோ வருவார் என்று. அவர் வரவில்லை.

கோபத்தில் போய்த் திரையை விலக்கினேன்.

ஜமீலா மேசையில் வெள்ளைத் துணிபோலக் கிடந்தாள். டாக்டரம்மாவின் ஒரு கை அவளுக்குள்ளே இருந்தது. இன்னொரு கை அடிவயிற்றை மேலிருந்து அழுத்திப் பிடித்திருந்தது. இரண்டு கைகளுக்கும் நடுவில் கர்ப்பப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். தரையெல்லாம் ரத்தம். கையிலிருந்த மருந்தையெல்லாம் போட்டும் கர்ப்பப்பை சுருங்கவில்லை என்று பிறகு நர்ஸ் சொன்னார்.

"கைய எடுத்தா போயிரும் லாத்தா" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். கண் மட்டும் என்னைத் தாண்டிக் கதவுப் பக்கம் போயிற்று. அங்கிருந்து பெஞ்சு தெரியாது. "நின்னுருச்சா?" என்று கேட்டார்.

நான் திரும்பி ஓடிப் பார்த்தேன். நின்றிருந்தது. மூச்சு சீராக வந்தது. "நின்னுருச்சு!" என்று கத்தினேன். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு மட்டும் கேட்டது. அது ஜமீலாவுடையதா, அவருடையதா என்று தெரியவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. ஜமீலாவை ஸ்ட்ரெச்சரில் மாற்றியபோதும் டாக்டரம்மா கையை எடுக்கவில்லை. இடுப்பை வளைத்துக் குனிந்தபடியே கூட நடந்தார், கூடவே வண்டியில் ஏறினார். ஏறும்போது சொன்னார், "லாத்தா, அவனையும் தூக்கிட்டு ஏறுங்க. அவனையும் அங்கன காட்டணும்." பச்சைப்பிள்ளை உம்மாவிடமும் நர்ஸிடமும் இருந்தது.

மெயின் ரோட்டில் ஏறியதும்தான் அன்று என்ன நாள் என்று எனக்கு உறைத்தது. அமாவாசைத் தீர்த்தமாடப் போகிறவர்களும் ஆடிவிட்டுத் திரும்புகிறவர்களுமாக ரோடு முழுக்க வேனும் பஸ்ஸும் காரும். சைரன் அலறுகிறது, முன்னால் வழியில்லை. டிரைவர் மைக்கில் கெஞ்சினார். சில வண்டிகள் மண்ணில் இறங்கி வழிவிட்டன. சில நகரவே இடமில்லாமல் நின்றன. ஜன்னல் வழியாக யாரோ கும்பிட்டார்கள்.

வண்டிக்குள் நாங்கள் நால்வர், மருந்து ஏற்றுகிற தம்பி ஒருவர். என் மடியில் அவர் பிள்ளை. அவர் கையில் என் தங்கச்சி. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் உடம்பு ஆடியது, கை ஆடவில்லை. மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. துடைக்க அவருக்குக் கையில்லை. நான் என் துப்பட்டா முனையால் துடைத்துவிட்டேன்.

"ஜமீலா, கண்ணத் தொற. தூங்கக்கூடாது. என்கூடப் பேசு."

அவள் உதடு அசைந்தது. "செத்துருவேனா டாக்டரம்மா?"

நான் அவரைப் பார்த்தேன். அல்லாஹ்வே, இந்த ஒரு தடவையாவது சொல்லட்டும் என்று துஆ செய்தேன்.

"தெரியாதும்மா" என்றார். "ஆனா நான் கைய எடுக்க மாட்டேன்."

ஜமீலா கண்ணை மூடவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

நடுவழியில் சின்னவன் மயக்கம் தெளிந்து சிணுங்கினான். அம்மாவைப் பார்த்துவிட்டான். "ம்மா... ம்மா..." என்று இரண்டு கைகளையும் நீட்டி என் மடியிலிருந்து நழுவினான். ஒரு முழ தூரம்தான். அவர் ஒரு தடவை திரும்பினார். "அம்மா இங்கதான்டா இருக்கேன். பாரு, இங்கதான்." பிறகு ஜமீலா பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் அழுது ஓய்கிறவரைக்கும் திரும்பவில்லை. அவர் கழுத்து நரம்பு புடைத்துத் துடித்ததை நான் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மாவட்ட ஆஸ்பத்திரியில் தயாராக நின்றார்கள். தியேட்டர் வாசலில் இன்னொரு டாக்டர் கை மாற்றி வாங்கிக்கொண்ட பிறகுதான் அவர் கையை எடுத்தார். வெளியே வந்தபோது விரல்கள் மடங்கியது மடங்கியபடியே நின்றன. நிமிர்த்தப் பார்த்தார், முடியவில்லை. முழங்கை வரைக்கும் ரத்தம். சின்னவன் மறுபடி கை நீட்டினான். தூக்க முடியாமல் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, குனிந்து, அவன் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். அவன் அவர் முடியைப் பிடித்து இழுத்தான்.

ஜமீலா பிழைத்தாள். கர்ப்பப்பையை எடுத்துத்தான் பிழைக்க வைத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அதை அவளிடம் யார் சொல்வது என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். டாக்டரம்மாதான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. "இனிமே பிள்ள உண்டாகாது ஜமீலா." அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கத்தாரிலிருந்து வீடியோ காலில் அவள் மாப்பிள்ளை அழுதார். அவள் அழவில்லை. டாக்டரம்மா பக்கத்திலிருந்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கோயம்புத்தூரிலிருந்து டாக்டரம்மாவின் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். சின்னவன் பிள்ளைகள் வார்டில் நன்றாகத்தான் இருந்தான். காய்ச்சலில் வந்த வலிப்பு, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தார்கள். நான் டீ வாங்கிக்கொண்டு போன நேரம் அவர் மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவனுக்கு இழுத்தப்ப நீ எங்க இருந்த?"

"பக்கத்து ரூம்ல."

"கூப்புட்டாங்களா?"

"கூப்புட்டாங்க. வரல."

நான் ஜமீலாவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். டாக்டரம்மா கையமர்த்தினார். அவர் எந்தக் காரணமும் சொல்லவில்லை.

"அவனுக்கு மூச்சு நின்னுருந்தா?" என்றார் வீட்டுக்காரர். "அப்பவும் வந்துருக்க மாட்டியா?"

டாக்டரம்மா, "தெரியல" என்றார்.

அந்த வாரமே வீட்டுக்காரர் பிள்ளைகள் இருவரையும் சிவகங்கையில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டரம்மா தடுக்கவில்லை. மாடியில் சத்தமே இல்லாமல் போயிற்று. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. இனி நிம்மதியாகப் படிக்கலாமே என்று யாரோ சொன்னார்கள். ஒருநாள் அவர் கீழே வந்து எங்கள் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டார். "சத்தம் இல்லாமப் படிச்சுப் பழக்கமில்ல லாத்தா. ஒரு வரிகூட ஏற மாட்டேங்குது." அந்த வருஷம் சீட் கிடைக்கவில்லை.

ரிசல்ட் வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சிவகங்கைக்குப் பஸ் ஏறினார். அங்கே என்ன பேசினார்களோ, எனக்குத் தெரியாது. சாயங்காலம் திரும்பி வரும்போது பெரியவள் கையைப் பிடித்திருந்தாள், சின்னவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். பின்னாலேயே பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்காரரும் வந்தார். கம்பெனியில் பேசி, வீட்டிலிருந்தே வேலை செய்கிறார் என்றார்கள். அடுத்த ஒரு வருஷம் எங்கள் மாடியில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியது அவர்தான். சண்டையும் இருந்தது. கதவு சாத்தும் சத்தம் குறைந்திருந்தது.

இதற்கிடையில் ஜமீலா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். டாக்டரம்மா வேலை முடிந்து வந்து தினமும் அவள் தையலைப் பார்த்துக் கட்டு மாற்றுவார். ஜமீலா சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பாள். பேச மாட்டாள். புண் ஆறியது. பேச்சு வரவில்லை. பிள்ளைக்குத் தடுப்பூசி போடக்கூட உம்மாவைத்தான் அனுப்புவாள். படியில் எதிர்ப்பட்டால் சேலையை ஒதுக்கிக்கொண்டு நிற்பாள். "உசிரக் குடுத்தவங்கடி அவங்க" என்று நான் ஒருநாள் கோபப்பட்டேன். "எடுத்தது யாரு?" என்று கேட்டாள். டாக்டரம்மாவிடம் அவளுக்காக மன்னிப்புக் கேட்டபோது, "அவ கோபப்படட்டும் லாத்தா. வேற யாருகிட்டப் படுவா?" என்றார்.

அடுத்த தடவை அவருக்குச் சீட் கிடைத்தது. மதுரையில், பிரசவ மருத்துவம். வீட்டைக் காலி செய்கிற அன்று ஊரில் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். மீன்காரி கருவாடு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். உம்மா டாக்டரம்மாவின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஜமீலா உள்ளேயிருந்து வந்தாள். கூட்டம் விலகியது. ஒரு வருஷத்துக்கு மேல் பேசாதவள் அவர் எதிரில் நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

"கேளு."

"அன்னைக்கு வண்டில அவன் உங்கள அழைச்சு அழைச்சு அழுதான்ல. என்னைய விட்டுட்டு அவன்கிட்டப் போகணும்னு தோணுச்சா?"

உம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தார். டாக்டரம்மாவின் வீட்டுக்காரர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். எல்லோருக்கும் முன்னால் ஒரு சின்னப் பொய் சொன்னால் போதும். அவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவைக்க ஊரே காத்து நின்றது.

"தோணுச்சு" என்றார் டாக்டரம்மா. "ஆஸ்பத்திரி வாரவரைக்கும் தோணிக்கிட்டேதான் இருந்துச்சு."

ஜமீலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் நிறைந்து வழிந்தது. வார்டில்கூட வராத அழுகை. முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. குனிந்து, அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவனைச் சுமந்துகொண்டு வண்டி வரைக்கும் நடந்தாள்.